சிதறிப்போன இசைநாடகத்தை மறுபடி சேர்ப்பது எப்படி?

ஒரு நாவல் தொலைந்துபோய், நூறு வருடம் கழித்து ஒரே ஒரு பிரதி எங்கோ ஓர் அலமாரியில் கிடைத்தால் போதும். நாவல் முழுசாகத் திரும்பி வந்துவிடும். சினிமாவும் அப்படித்தான். நல்ல பிரின்ட் ஒன்று கிடங்கில் தப்பியிருந்தால் படம் பிழைத்தது. மேடை இசைநாடகத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நியூயார்க்கின் பிராட்வேயிலும் லண்டனிலும் ‘மியூசிக்கல்’ என்கிறார்களே, வசனம், பாட்டு, நடனம், ஆர்கெஸ்ட்ரா எல்லாம் கலந்த நாடக வகை, அதில் “மொத்த நாடகமும் இதற்குள் இருக்கிறது” என்று எடுத்துக் காட்டக்கூடிய ஒரு பொருள் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

நாடகம் அமோகமாக ஓடிய நாட்களிலேயே அது பலர் கையில் பிரிந்துதான் கிடந்தது. வசனப் பிரதி ஸ்டேஜ் மேனேஜரிடம் இருக்கும். மெட்டு, இசையமைப்பாளரின் பென்சில் தாளில். எந்த வாத்தியம் எந்த இடத்தில் வாசிக்க வேண்டும் என்பது இன்னொருவர் எழுதிய ஸ்கோரில். நடனமோ ஆடியவர்களின் காலில் மட்டும்தான் இருந்தது. கடைசி நாள் திரை விழுந்ததும் அவரவர் பங்கை அவரவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ‘தொலைந்த இசைநாடகம்’ என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இப்படிச் சிதறிய இசைநாடகம்தான். அதை மறுபடி கட்டுவதென்றால், எந்தத் துண்டு யார் வழியாக எங்கே போய்ச் சேர்ந்தது என்று தேடிப்பிடித்து, ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்த்து ஒட்டுவது. இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதவர்களும் பின்தொடரும்படி அந்த வேலையை இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

ஏன் தொலைந்தன?

பத்திரப்படுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் முதல் காரணம். 1920களில் பிராட்வேயில் ஒவ்வொரு சீசனுக்கும் டஜன் கணக்கில் புது மியூசிக்கல்கள் மேடையேறின. நாடகம் நகரத்தில் ஓடும், பிறகு வெளியூர்களுக்குப் போகும், அதுவும் முடிந்தால் தாள்களெல்லாம் பெட்டிக்குள் போகும். பாடல்களில் இரண்டு மூன்று பிரபலமானால், வீட்டில் பியானோ வாசிப்பவர்களுக்காக அவை மட்டும் தனித் தாளாக அச்சாகும். மற்றவை அச்சு முகமே பார்க்காது.

ஒலிப்பதிவும் கைகொடுக்கவில்லை. லண்டனில் 1900ஆம் ஆண்டிலேயே ‘ஃப்ளோரோடோரா’ பாடல்களை நாடகத்தில் பாடியவர்களையே வைத்துப் பதிவு செய்தார்கள். அமெரிக்காவில் ‘ஓக்லஹோமா!’ (1943) இசைத்தட்டுத் தொகுப்பு நன்றாக விற்ற பிறகுதான் அசல் நடிகர்களின் குரலில் முழுத் தொகுப்பு வெளியிடுவது வழக்கமானது. அதற்குப் பிறகும் துரதிர்ஷ்டம் விடவில்லை. இசையமைப்பாளர் கர்ட் வைலும் வசனமும் பாட்டும் எழுதும் ஆலன் ஜே லெர்னரும் சேர்ந்து எழுதிய ‘லவ் லைஃப்’ 1948 அக்டோபரில் தொடங்கி 252 காட்சிகள் ஓடியது. அந்த ஆண்டு அமெரிக்க வாத்தியக் கலைஞர்கள் சங்கம் ஒலிப்பதிவுகளைப் புறக்கணித்திருந்ததால் இசைத்தட்டு வெளிவரவே இல்லை. இசைத்தட்டு இல்லாத மியூசிக்கல் ஜனங்களின் நினைவிலிருந்து எவ்வளவு சீக்கிரம் நழுவும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

காட்சிப் பதிவு இன்னும் பின்னால் வந்தது. நியூயார்க் பொது நூலகத்தின் நிகழ்த்துகலைப் பிரிவு, நாடகங்களை முறையாகப் படம்பிடித்துச் சேமிக்கத் தொடங்கியது 1970இல்தான். அதற்கு முந்திய பிராட்வே நாடகம் ஒன்று மேடையில் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் தாள்களைத்தான் நம்ப வேண்டும்.

என்னென்ன தாள்கள்?

வசனப் பிரதியிலிருந்து ஆரம்பிக்கலாம். நாடகப் பிரதி ஒன்றே ஒன்று என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். ஒத்திகைக்கு முந்திய பிரதி ஒன்று, வெளியூரில் வெள்ளோட்டம் விட்டபோது திருத்தியது ஒன்று, நகரத்தில் அரங்கேறியபோது இருந்தது ஒன்று, பயணக் குழுவுக்காகச் சுருக்கியது ஒன்று என்று நாலைந்து கிடைக்கும். எதிலும் தேதி இருக்காது. இவற்றில் மதிப்பு மிக்கது ஸ்டேஜ் மேனேஜர் கையில் வைத்திருந்த ப்ராம்ப்ட் புத்தகம். யார் எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறார், எந்த வசனம் முடிந்ததும் ஆர்கெஸ்ட்ரா தொடங்க வேண்டும், எப்போது திரை, எப்போது விளக்கு என்று ஓரத்தில் குறித்திருப்பார்கள். பாட்டுக்கும் வசனத்துக்கும் நடுவே இருக்கும் மூட்டுகள் அதில் மட்டும்தான் தெரியும்.

இங்கிலாந்தில் வசனப் பிரதிகள் ஏராளமாகப் பிழைத்ததற்குக் காரணம் தணிக்கை. 1737 முதல் 1968 வரை, அங்கே புது நாடகம் போட வேண்டுமானால் லார்ட் சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியின் அலுவலகத்துக்குப் பிரதி அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். ஆட்சேபகரமான வரிகளை அடித்துத் திருப்பி அனுப்பிய அதே அலுவலகம் ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. 1824க்குப் பிந்திய அந்தத் தொகுப்பு இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. வேறெங்கும் இல்லாத எத்தனையோ நாடகங்களின் வசனம் அங்கே கிடைக்கிறது. அமெரிக்காவில் அந்த இடத்தை ஓரளவு நிரப்புவது, காப்புரிமைப் பதிவுக்காக காங்கிரஸ் நூலகத்துக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகத்துக்கு, வந்து சேர்ந்த பிரதிகள்.

அடுத்தது இசை. இங்கே புதியவர்கள் பெரும்பாலும் குழம்புவார்கள், ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பிராட்வேயில் இசையமைப்பாளர் மெட்டும் பியானோ துணையும் எழுதுவார். அதை இருபது, இருபத்தைந்து வாத்தியங்களுக்குப் பங்கிட்டு எழுதுவது ‘ஆர்கெஸ்ட்ரேட்டர்’ என்ற தனி ஆளின் வேலை. ‘ஷோ போட்’ நாடகத்துக்கு இசை ஜெரோம் கெர்ன். அதன் ஆர்கெஸ்ட்ரா ஒலியை அமைத்தவர் ராபர்ட் ரஸ்ஸல் பென்னட். தன் வாத்திய அமைப்பைப் பெரும்பாலும் தானே எழுதிக்கொண்ட கர்ட் வைல் போன்றவர்கள் விதிவிலக்கு. ஆர்கெஸ்ட்ரேட்டர் எழுதும் தாளில் எல்லா வாத்தியங்களும் ஒன்றின்கீழ் ஒன்றாக வரிசையாக இருக்கும். அதுதான் முழு ஸ்கோர். அதைப் பார்த்து நகல் எழுதுபவர்கள் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி நோட்டு எழுதுவார்கள். முதல் வயலினுக்கு ஒன்று, டிரம்பெட்டுக்கு ஒன்று, இப்படி. இவற்றைப் ‘பார்ட்’ என்பார்கள். நான் வாத்திய நோட்டு என்று சொல்கிறேன். ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் நடத்துநர் பெரும்பாலும் முழு ஸ்கோரைப் பிரித்து வைத்துக்கொள்வதில்லை. பியானோ வரியும், முக்கியமான வாத்தியங்கள் நுழையும் இடங்களும் சின்ன எழுத்தில் குறித்த ‘பியானோ-கண்டக்டர்’ நோட்டு ஒன்றே அவருக்குப் போதும்.

தேடிப் போகிறவர்கள் இசையமைப்பாளரின் கையெழுத்துப் பிரதி கிடைத்தால் குதிப்பார்கள். கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனாலும் என்னைக் கேட்டால், இரண்டாவது வயலின்காரரின் அழுக்கான நோட்டைத்தான் முதலில் திறப்பேன். இசையமைப்பாளரின் தாள் அவர் ஆசைப்பட்டதைச் சொல்கிறது. வயலின்காரரின் நோட்டு தினமும் இரவு 8 மணிக்கு நிஜமாக என்ன நடந்தது என்று சொல்கிறது.

ஒரு நோட்டைக் கிட்டத்தில் பார்ப்போம்

இது நான் கற்பனையாக அமைத்துக்கொண்ட உதாரணம். இதில் வரும் ஒவ்வொன்றும் உண்மையான பெட்டிகளில் அடிக்கடி காணக் கிடைப்பதுதான். நாடகத்தில் 14ஆவது பாட்டு என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது டிரம்பெட், முதல் வயலின், டிரம்போன், செல்லோ நோட்டுகளும் பியானோ-கண்டக்டர் நோட்டும். கிளாரினெட் நோட்டைக் காணவில்லை.

டிரம்பெட் நோட்டில் பாட்டு எஃப் மேஜர் சுருதியில் எழுதியிருக்கிறது. வயலின் நோட்டில் சி மேஜர். பி ஃப்ளாட் டிரம்பெட் என்பது எழுதியிருப்பதைவிட ஒரு முழு ஸ்வரம் இறங்கி ஒலிக்கும் வாத்தியம். எஃப் என்று எழுதினால் காதில் விழுவது ஈ ஃப்ளாட். அப்படியானால் டிரம்பெட் ஈ ஃப்ளாட்டிலும் வயலின் சியிலும் வாசிக்கின்றன. இரண்டையும் சேர்த்து வாசித்தால் காது பொத்திக்கொள்ள வேண்டும். ஆக, இரண்டு நோட்டுகளும் வெவ்வேறு நாளைச் சேர்ந்தவை. எது முந்தியது?

வயலின் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அது ஒட்டுத்தாள். பழைய பக்கத்தின் மேல் புதுப் பக்கத்தை ஒட்டியிருக்கிறார்கள். கையெழுத்தும் வேறு ஆளுடையது, மையும் வேறு. பாட்டைச் சுருதி இறக்கி எழுதியிருக்கிறார்கள் என்பது இப்போது நிச்சயமாகிறது. இப்படிச் செய்வதற்கு வழக்கமான காரணம், அந்த வேடத்துக்கு வேறு நடிகை வந்ததுதான். அரங்கேற்றத்தன்று வெளியான நிகழ்ச்சிப் புத்தகத்தையும் சில மாதம் கழித்து அச்சான நிகழ்ச்சிப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தப் பெயர் மாறிய தேதி தோராயமாகக் கிடைத்துவிடும். டிரம்பெட் நோட்டில் மட்டும் ஏன் மாற்றவில்லை? அந்தப் பாட்டின்மேல் பென்சிலால் ‘டாசெட்’ என்று எழுதியிருக்கிறது. வாசிக்காமல் சும்மா இரு என்று அர்த்தம். சுருதி இறக்கியபோது டிரம்பெட்டை எடுத்தே விட்டார்கள். எடுத்துவிட்ட வாத்தியத்துக்கு யாரும் புது நோட்டு எழுத மாட்டார்கள். மூன்று பேர் பென்சிலும் பசையும் வைத்துச் செய்த அவசர வேலை, ஒரு பாட்டின் இரண்டு வடிவங்களை நமக்குப் பிரித்துத் தருகிறது.

இப்போது காணாமல் போன கிளாரினெட். பியானோ-கண்டக்டர் நோட்டில் 9ஆவது கட்டத்தில் (இசைத்தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே இருக்கும் தாளப் பகுதிதான் கட்டம்) சின்ன எழுத்தில் கிளாரினெட் என்று போட்டு நாலு கட்டம் மெட்டு எழுதியிருக்கிறது. அந்த நாலு கட்டம் உறுதி. 17 முதல் 24 வரை குறிப்பு எதுவும் இல்லை. ஆனால் வயலின், டிரம்போன், செல்லோ மூன்றையும் அடுக்கிப் பார்த்தால் ஒவ்வொரு கார்டிலும், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்திலும், ஒரே ஒரு ஸ்வரம் குறைகிறது. அந்த ஸ்வரம் கிளாரினெட் இயல்பாக வாசிக்கும் எல்லைக்குள் இருக்கிறது. இது ஊகம், வலுவான ஊகம். 25 முதல் 32 வரை எந்தத் தடயமும் கிடையாது. அங்கே இதே ஆர்கெஸ்ட்ரேட்டர் இதே மாதிரிப் பாட்டுகளில் கிளாரினெட்டை என்ன செய்திருக்கிறார் என்று பார்த்து, அவர் பாணியில் நாமே எழுத வேண்டியதுதான். உறுதி, வலுவான ஊகம், நம் கைச்சரக்கு என்ற இந்த மூன்று நிலைகளும் புதிய ஸ்கோரில் படிப்பவருக்குத் தனித்தனியாகத் தெரிய வேண்டும். சின்ன எழுத்து, அடைப்புக்குறி, பின்னிணைப்புக் குறிப்பு என்று ஏதோ ஒரு வழியில் காட்டியே ஆக வேண்டும். இதில் மட்டும் எனக்குச் சமரசம் கிடையாது. ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் வழுவழுப்பாக்கிவிட்டால், பின்னால் நிஜமான கிளாரினெட் நோட்டு கிடைத்தாலும் எதை எடுத்துவிட்டு எதை வைப்பது என்று யாருக்கும் தெரியாது.

இப்படிப் பிழைத்த நோட்டுகளின் கடைசிப் பக்கத்தில் வாசித்தவர்கள் ஊர்ப் பெயரும் தேதியும் கையெழுத்தும் போட்டு வைத்திருப்பார்கள். பாட்டு எத்தனை நிமிடம் எத்தனை வினாடி ஓடியது என்றுகூட எழுதியிருப்பார்கள். அடுத்து இந்த நோட்டை வாங்கப்போகும் சக வாத்தியக்காரருக்காக எழுதியது, பல பத்தாண்டுகள் கழித்து நமக்கு வந்து சேர்கிறது.

80 பெட்டிகள்

எங்கே தேடுவது என்ற கேள்விக்கு, பணம் போன வழியில் தேடு என்பது அனுபவசாலிகளின் பதில். வாத்திய நோட்டுகள் தயாரிப்பாளரின் செலவில் எழுதப்பட்டவை. பாட்டின் உரிமை பதிப்பகத்துடையது. ஆகவே அவை அவர்களுடைய கிடங்குகளில்தான் போய்ச் சேரும். 1929இல் வார்னர் பிரதர்ஸ், பேசும் படங்களுக்குப் பாட்டு வேண்டுமென்று, ஹார்ம்ஸ், விட்மார்க், ரெமிக் என்ற பெரிய இசைப் பதிப்பகங்களை வாங்கியது. கெர்ன், கெர்ஷ்வின், கோல் போர்ட்டர், ரிச்சர்ட் ரோஜர்ஸ் ஆகிய இசையமைப்பாளர்களின் தாள்கள் அந்தப் பதிப்பகங்களோடு சேர்ந்து கைமாறி, பிறகு எல்லோருக்கும் மறந்தே போயின. 1982இல் நியூஜெர்சி மாநிலத்தில் சிகாகஸ் என்ற ஊரில் இருந்த வார்னர் கிடங்கில் சுமார் 80 பெட்டிகளில் அவை கண்ணில் பட்டன. இசைநாடக வரலாற்றாளர் ராபர்ட் கிம்பால் உட்கார்ந்து பட்டியல் போட்டார். அழிந்துவிட்டதாகவே எல்லோரும் எண்ணியிருந்த பாடல்களும், மூல ஆர்கெஸ்ட்ரா தாள்களும் அதில் இருந்தன.

அந்தப் பெட்டிகளின் பலன் சில வருடங்களில் கேட்கத் தொடங்கியது. நடத்துநர் ஜான் மெக்ளின் ‘ஷோ போட்’ நாடகத்தைப் பென்னட்டின் மூல வாத்திய அமைப்போடு பதிவு செய்தார்; அது 1988இல் 3 குறுந்தகடுகளில் வெளிவந்தது. இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வினின் அண்ணனும் பாடலாசிரியருமான ஐரா கெர்ஷ்வினின் மனைவி லியோனோர் கெர்ஷ்வினும் காங்கிரஸ் நூலகமும் கைகோத்து, கெர்ஷ்வின் சகோதரர்களின் நாடகங்களை ஒவ்வொன்றாக மீட்டுப் பதிவு செய்யும் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதில் வந்த ‘ஸ்ட்ரைக் அப் தி பேண்ட்’ எனக்கு மிகப் பிடித்த கதை. 1927இல் பிலடெல்பியா வெள்ளோட்டத்தோடு நின்றுபோன நாடகம் அது. அமெரிக்காவும் சுவிட்சர்லாந்தும் பாலாடைக்கட்டிக்காகப் போர் தொடுப்பதாகக் கதை. 1930இல் வேறொருவர் வசனத்தை மாற்றி, போரைச் சாக்லேட்டுக்கு மாற்றி, கனவென்று சொல்லிக் காரத்தைக் குறைத்தபோது ஓடியது. உலகத்துக்குத் தெரிந்தது அந்த இரண்டாவது வடிவம் மட்டும்தான். மீட்பு வேலை நடந்ததால் இன்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கேட்க முடிகிறது.

வேறு பெயரில் ஒளிந்திருக்கும் இசை

சில நேரம் துண்டு தொலைந்திருக்காது. இன்னொரு நாடகத்துக்குள் உட்கார்ந்திருக்கும். வசனமும் வரிகளும் எழுதும் கில்பர்ட்டும் இசையமைப்பாளர் சல்லிவனும் சேர்ந்து எழுதிய முதல் படைப்பு ‘தெஸ்பிஸ்’. 1871 டிசம்பர் 26 அன்று லண்டன் கெயிட்டி அரங்கில் மேடையேறியது. வசனமும் பாட்டு வரிகளும் அச்சானதால் பிழைத்தன. இசை ஏறக்குறைய முழுக்கப் போயிற்று. தனித் தாளாக அச்சான ஒரு பாட்டு மிஞ்சியது. இன்னொன்று, எட்டு வருடம் கழித்து வந்த ‘தி பைரேட்ஸ் ஆஃப் பென்சன்ஸ்’ நாடகத்துக்குள் இருந்தது. மலையேறி வரும் பெண்கள் பாடும் சேர்ந்திசைப் பாட்டின் வரிகளே இரண்டு பிரதிகளிலும் ஒத்துப்போவதால் அது முன்பே தெரியும். ‘பைரேட்ஸ்’ நாடகத்தின் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தவர்களுக்கு இன்னும் ஒன்று புலப்பட்டது. அந்தப் பாட்டின் பக்கங்கள் சல்லிவனின் கையெழுத்தில் இல்லை. ‘தெஸ்பிஸ்’ நாடகத்துக்காக ஒரு நகல் எழுதுபவர் எழுதிய பழைய பக்கங்களையே பிரித்தெடுத்து, சொற்களைத் திருத்தி, இதில் செருகியிருக்கிறார் சல்லிவன்.

பெயர் தெரியாத அந்த நகல் எழுதுபவரின் கையெழுத்து இப்போது ஒரு சாவி. 1990ஐ ஒட்டி, சல்லிவனின் வேறு பாலே இசைத் தாள்களுக்கு நடுவே அதே கையெழுத்தில், அதே மாதிரிப் பக்க எண்களோடு சில பக்கங்கள் இருப்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். ‘தெஸ்பிஸ்’ பாலேயின் இசை அப்படித்தான் வெளியே வந்தது. நூற்றுச் சொச்சம் வருடம் அது நூலகத்திலேயேதான் இருந்தது, பெயர்தான் வேறு.

உயிரோடிருப்பவர்களின் நினைவு

தாள் சொல்லாததை மனிதர்கள் சொல்வார்கள், காலம் விட்டுவைத்திருந்தால். 1936இல் வந்த ‘ஆன் யுவர் டோஸ்’ 1983இல் பிராட்வேக்குத் திரும்பியபோது, அதன் மூல வாத்திய அமைப்பை எழுதிய ஹான்ஸ் ஸ்பியாலெக் உயிரோடிருந்தார். வயது 88. தான் எழுதியதைத் தானே செப்பனிட்டுக் கொடுத்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் காலமானார். ஒரு வருடம் தாமதித்திருந்தால் அந்த ஒலி இவ்வளவு சுத்தமாகக் கிடைத்திருக்குமா என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நடனத்தின் கதி இன்னும் மோசம். லாபனோட்டேஷன் என்ற எழுத்துமுறையில் அசைவுகளைக் குறித்து வைக்க முடியும். ‘கிஸ் மீ, கேட்’ நாடகத்துக்காக ஹான்யா ஹோம் அமைத்த நடனம் அப்படி எழுதப்பட்டு 1952இல் காப்புரிமை பெற்றது. மற்ற நடனங்களில் பெரும்பாலானவற்றை யாரும் எழுதவில்லை. ஜெரோம் ராபின்ஸ் தன் பழைய நடனங்களைத் தொகுத்து 1989இல் மேடையேற்றியபோது, அவற்றை அமைத்தவர் அவரே என்றாலும், எல்லா அடவுகளும் அவருக்கே நினைவில்லை. நாற்பது வருடம் முன்பு ஆடியவர்களை வரவழைத்தார். ஒத்திகை அறையில் பாட்டைப் போட்டதும், ஒருவர் கையைத் தூக்க இன்னொருவருக்குக் கால் நினைவுக்கு வர, அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கோத்தார்கள்.

எந்த இரவை மீட்பது?

துண்டுகளெல்லாம் சேர்ந்தபின் வரும் கேள்வி இது. நாடகம் தினமும் மாறிக்கொண்டே இருந்தது என்றால், நாம் மீட்கப் போவது எந்த நாளின் நாடகத்தை? ‘ஷோ போட்’ 1927 நவம்பர் 15 அன்று வாஷிங்டனில் வெள்ளோட்டம் விட்டபோது நள்ளிரவு தாண்டியும் முடியவில்லை. டிசம்பர் 27 அன்று நியூயார்க்கில் அரங்கேறுவதற்குள் நிறைய வெட்டினார்கள். வெட்டுப்பட்டவற்றில் ‘மிஸ்ரிஸ் கமின் அரவுண்ட்’ என்ற கனத்த பாட்டும் ஒன்று. பாட்டு போய்விட்டது; நாடகம் தொடங்குமுன் ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும் முன்னிசையில் அதன் மெட்டு அப்படியே தங்கிவிட்டது. அந்தப் பாட்டைக் கேட்ட பிறகுதான் முன்னிசை ஏன் அவ்வளவு இருட்டாகத் தொடங்குகிறது என்பது புரிகிறது.

அரங்கேற்ற இரவையே எடுத்துக்கொள்வது ஒரு கட்சி. எழுதியவர்கள் மனமுவந்து விட்டதையும் நேரமில்லாமல் விட்டதையும் பிரித்துப் பார்த்து, பின்னதை மட்டும் திரும்பச் சேர்ப்பது இன்னொரு கட்சி. மெக்ளின் பதிவில் நாடகத்தின் பிரதான வடிவத்தோடு, வெட்டுப்பட்டவையும் பின்னாளில் சேர்த்தவையும் தனி இணைப்பாக வந்தன. கேட்பவர் தானே முடிவு செய்துகொள்ளலாம். ஒலிப்பதிவில் இப்படிச் செய்ய முடியும். மேடையில் ஓர் இரவுக்கு ஒரு வடிவம்தான். அங்கே யாராவது துணிந்து தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

மீட்டதை அப்படியே பாடலாமா என்பதும் சின்னக் கேள்வியாக இருந்துவிடவில்லை. ‘ஷோ போட்’ நாடகத்தின் 1927 பிரதியின் தொடக்கத்திலேயே கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் ஒன்று வருகிறது. அந்த 1988 பதிவில் மெக்ளின் அதை மாற்றாமல் வைத்தார். பாட வந்திருந்த கறுப்பினப் பாடகர் குழு மறுத்து விலகியது. ஆவணத்தில் சொல்லை மறைக்காமல் வைப்பது அவசியம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஓர் ஆளின் வாயில் அதைத் திணிப்பது வேறு விஷயம். அச்சுப் பதிப்பில் மூலச் சொல் இருக்கட்டும், மேடையில் பாடுபவர்களின் சம்மதம் இல்லாமல் அது ஒலிக்க வேண்டாம்.

எதுவுமே கிடைக்காவிட்டால்?

அமெரிக்கக் கறுப்பின இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளின் இரண்டு ஆபெராக்கள், அதாவது பெரும்பாலும் பாடியே நடத்தும் நாடகங்கள், எழுதினார். ‘ட்ரீமோனிஷா’வின் பியானோ ஸ்கோரை 1911இல் சொந்தச் செலவில் அச்சிட்டார், ஆர்கெஸ்ட்ரா தாள்கள் தொலைந்தன. 1972இல் அட்லாண்டாவில் டி. ஜே. ஆண்டர்சன் ஒரு வாத்திய அமைப்பும், 1975இல் ஹூஸ்டனில் குந்தர் ஷுல்லர் இன்னொன்றும் எழுதினார்கள். பிறகு ரிக் பெஞ்சமின், ஜாப்ளின் காலத்துச் சிறிய அரங்குகளில் இருந்த ஆர்கெஸ்ட்ராவின் அளவுக்கு ஏற்பச் சின்னக் குழுவுக்கு எழுதினார். பியானோ ஸ்கோர் ஒன்றுதான். கேட்டால் மூன்றும் மூன்று விதம். எது ஜாப்ளினுடையது என்று கேட்டால், மெட்டும் கார்டும் அவருடையவை, நிறம் மற்றவர்களுடையது.

இன்னோர் ஆபெரா ‘எ கெஸ்ட் ஆஃப் ஹானர்’. 1903இல் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. பிரதி நூலகத்துக்கு வந்து சேரவில்லை. ஒரு பக்கம்கூட இன்றுவரை கிடைக்கவில்லை. செய்தித்தாள் துணுக்குகளை வைத்துக்கொண்டு புதிதாக ஒன்று எழுதலாம். அதற்கு மீட்பு என்று பெயர் வைக்கக் கூடாது.

பழைய இசைத்தட்டு கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். அதிலும் கண்ணி உண்டு. பழைய 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், கொஞ்சம் கூடவும் போகலாம். பாட்டை வெட்டி, வேகத்தை ஏற்றித்தான் பதிவு செய்வார்கள். ஆர்கெஸ்ட்ராவும் அரங்கில் வாசித்த அதே அளவில் இருக்காது. பாடகரின் உச்சரிப்பு, இழுப்பு, மூச்சு விடும் இடம் இவற்றுக்கு இசைத்தட்டை நம்பலாம். வேகத்துக்கு நம்ப முடியாது. சினிமா உலகில், எம்ஜிஎம் நிறுவனத்தின் ஆர்கெஸ்ட்ரா தாள்கள் குப்பையாகக் கொட்டப்பட்ட பிறகு, பிரிட்டிஷ் நடத்துநர் ஜான் வில்சன் படங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் காதாலேயே ஸ்கோரை எழுதியெடுத்தார். மேடை நாடகத்துக்கு அப்படி முழு நீள ஒலி கிடைப்பது அபூர்வம்.

உரிமை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வசனம், வரி, இசை, வாத்திய அமைப்பு என்று நாலு பேர் நாலு உரிமை வைத்திருந்திருப்பார்கள். இன்று ஒவ்வொருவருக்கும் பல வாரிசுகள். அமெரிக்காவில் அக்காலத்தில் வெளியான படைப்புகளின் காப்புரிமை 95 ஆண்டுகள். 1927இல் வெளியானவை 2023இல் பொதுச் சொத்தாயின. அச்சேறாத வாத்திய நோட்டுகளுக்குக் கணக்கு வேறு. பெட்டியைத் திறக்குமுன் இதை விசாரித்துவிடுவது நல்லது. ‘லவ் லைஃப்’ விஷயத்தில் தாளும் இருந்தது, அனுமதியும் இருந்தது. 2020 மார்ச்சில் நியூயார்க்கில் திட்டமிட்ட நிகழ்ச்சியைப் பெருந்தொற்று நிறுத்தியது. 2025 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலும், மார்ச்சில் நியூயார்க்கிலும் ஒருவழியாக அதைக் கேட்டார்கள்.

முதல் ஒத்திகை

புது ஸ்கோர் எழுதி முடித்தாலும், ஆர்கெஸ்ட்ரா உட்கார்ந்து வாசிக்கும் வரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. முதல் ஒத்திகையில் தப்பு ஸ்வரங்கள் வரிசையாக வந்து விழும். அவற்றில் சில நாம் செய்த பிழை. சில அந்தக் காலத்து நகல் எழுதுபவரின் பிழை. அன்றைய வாத்தியக்காரர் தாளில் குறிக்காமலே கையால் சரிசெய்து வாசித்துப் பழகியிருப்பார். நாம் அதைப் பயபக்தியோடு நகலெடுத்து வைத்திருப்போம். நடத்துநருக்குப் பக்கத்தில் ஒருவர் கையில் பென்சிலோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வார்.

அதில் கடைசியாகச் சரிபார்ப்பது வசனத்துக்கு அடியில் ஓடும் இசையை. நடிகை கடிதத்தைப் பிரித்து வாசிக்கிறாள். கீழே வயலின்கள் 16 கட்டம். ப்ராம்ப்ட் புத்தகத்தில் 16ஆவது கட்டத்தின் முடிவில் “கதவு தட்டல்” என்று பென்சிலில் இருக்கிறது. நடிகை சாதாரண வேகத்தில் வாசிக்கட்டும், ஆர்கெஸ்ட்ராவும் நோட்டில் குறித்த வேகத்தில் வாசிக்கட்டும். கடிதத்தின் கடைசிச் சொல்லும் வயலினின் கடைசி ஸ்வரமும் ஒன்றாக முடிந்து, அந்த அமைதியில் கதவு தட்டப்பட்டால், வசனப் பிரதியும் வாத்திய நோட்டும் ஒரே இரவைச் சேர்ந்தவைதான். நாலு கட்டம் மிஞ்சினால், கடிதத்தில் இரண்டு வரி எங்கோ வெட்டுப்பட்டிருக்கிறது. மறுநாள் காலை மறுபடி பெட்டியைத் திறக்க வேண்டும்.